பெருமாள்மலை வரைக்கும் ஒரு ட்ரையல்

துறையூரில் எண்பதுகளின் கடைசியில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில், திங்கட்கிழமை புல்லட்டிலும் செவ்வாய்க்கிழமை லூனாவிலும் புதன்கிழமை யாரோ ஒரு வக்கீலின் ஸ்கூட்டரிலும் வந்து இறங்கியவர்கள் இரண்டே பேர்தான் இருந்திருப்பார்கள். இரண்டு பேரும் என் மாமா மகள்கள். மாமாவுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அவர் டூவீலர் மெக்கானிக்.

ரிப்பேர் முடிந்த வண்டியை ட்ரையல் பார்க்காமல் கொடுக்கக் கூடாது, அது தொழில் தர்மம். எந்த வழியாக ட்ரையல் போக வேண்டும் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை. மாமா அதை வீட்டு வழியாக வைத்துக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்த வண்டியைக் காலை எட்டரைக்கு எடுப்பார். வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். பெரியவள் பின்னால், சின்னவள் முன்னால். பள்ளிக்கூட வாசலில் அவர்களை இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்புவதற்குள் பிரேக் பிடிக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, மூன்றாவது கியரில் மிஸ்ஸிங் இருக்கிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். சின்னவளுக்கு ஏழெட்டு வயதிலேயே வண்டிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லத் தெரியும். வகுப்பில் பாடம் நடக்கும்போது ரோட்டில் ஏதாவது வண்டி போனால், 'போன வாரம் நான் வந்த வண்டி' என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லி அடி வாங்கியிருக்கிறாள்.

ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் கடைக்கு வந்து, "என் பெட்ரோல்ல உன் பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போவுதாமே" என்று கேட்டார். மாமா பதில் பேசவில்லை. கடைக்குள் கூட்டிப்போய், மூலையில் இருந்த ஒரு பழைய ஆயில் கேனைக் காட்டினார். அது அவர் காசுக்கு வாங்கி வைத்த பெட்ரோல். ட்ரையல் எடுக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் முதலில் அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார். வேலைக்கான ட்ரையல் வண்டிக்காரர் கணக்கு, பிள்ளைகளுக்கான சுற்று தன் கணக்கு. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாததால் மொத்தத்தையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். வாத்தியார் அதன்பிறகு சாகும்வரை வேறு கடைக்குப் போகவில்லை.

மாமா போன மாதம் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் 'குடும்பத்துக்காகவே உழைச்ச மனுஷன்' என்றார்கள். யார் செத்தாலும் சொல்கிற வாக்கியம்தான். குடும்பத்துக்காக உழைத்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைப் பார்க்காமல் உழைத்தவர்கள். வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். மாமா அந்த ரகம் இல்லை. வேலை முடிந்த பிறகு குடும்பம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மெக்கானிக்குக்கு வேலை முடிவதே கிடையாது. அதனால் குடும்பத்தை வேலைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

பெருமாள்மலை விஷயத்தையே சொல்கிறேன். துறையூரை ஒட்டி இருக்கிற மலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. நடந்து ஏறப் படிக்கட்டு உண்டு. வண்டி ஏறத் தார் ரோடும் உண்டு. எஞ்சின் வேலை பார்த்த வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் போதாது, மேட்டில் இழுவை பார்க்க வேண்டும். மேட்டிலும் ஒற்றை ஆளாகப் போனால் எந்த வண்டியும் ஏறிவிடும், பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் லட்சணம் தெரியும். அந்தப் பின்னால் உட்காரும் ஆள் எப்போதும் அத்தைதான். ஊரில் யாருக்காவது பிஸ்டன் சீஸ் ஆனால் அத்தைக்குப் பெருமாள் தரிசனம் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம். அத்தையும் சளைத்தவரில்லை. மழைக்காலத்தில் வேலை குறைந்து ஒரு மாதம் மலைக்குப் போக முடியாமல் இருந்தால், "என்னங்க, ஊர்ல ஒரு வண்டியும் மக்கர் பண்ணலையா?" என்று கேட்பார்.

திருச்சிப் பயணமும் அப்படித்தான். பிஸ்டன் தேய்ந்த வண்டிக்குப் போர் போட வேண்டும். சிலிண்டரின் உள்சுவரை லேத்தில் கடைந்து, 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. அதற்கான மிஷின் அப்போது துறையூரில் இல்லை. பேரலைக் கழற்றித் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு, பஸ்ஸில் சுமார் 45 கிலோமீட்டர் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, லேத்துக்காரரிடம் கொடுத்தால் மத்தியானத்துக்கு மேல்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை போர் போட்டுக் கொடுக்கும் ஒரு லேத்தைத் தேடிப் பிடித்தார் மாமா. அதன்பிறகு போர் வேலை வந்தால் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கச் சொல்லிவிடுவார். குடும்பத்தோடு பஸ் ஏறுவார். பேரலை லேத்தில் கொடுத்துவிட்டு நாலு பேரும் மலைக்கோட்டை ஏறுவார்கள். தாயுமானவர், உச்சிப்பிள்ளையார், இறங்கி வந்து தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, ஓட்டலில் சாப்பாடு. சில தடவை நானும் போயிருக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் சின்னவள் மாமா மடியில், பேரல் அத்தை மடியில். புதிதாகக் கடைந்த சிலிண்டர் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும். அதில் கை வைக்கக் கூடாது என்று அத்தை என்னை அதட்டுவார், மாமா அதட்ட மாட்டார்.

கடை முசிறி போகிற ரோட்டில் இருந்தது. ஒரு புளியமரம், அதை ஒட்டி ஓட்டுச் சாய்ப்பு, அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது. பள்ளி விடுமுறையில் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். "மாப்ள, சும்மா உக்காராத, அந்த ட்ரேயை நகர்த்து" என்பார். வேலை என்று எனக்குக் கொடுத்தது நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவது மட்டும்.

அவர் டிவிஎஸ் 50 எஞ்சினைக் கழற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு தினத்தாளை விரிப்பார். கழற்றுகிற ஒவ்வொன்றும் இடப்பக்கத்தில் தொடங்கி வரிசையாக அதன்மேல் வரும்: பிளக், ஹெட்டின் நட்டுகள், ஹெட், கேஸ்கெட், பேரல், பிஸ்டன் பின்னின் லாக், பின், பிஸ்டன், ரிங். மாட்டும்போது வலப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே வருவார். தாளில் எதுவும் மிச்சமிருக்காது. பிஸ்டன் தலையில் கரி அப்பியிருக்கும். உடைந்த ஆக்ஸா பிளேடால் கோடு விழாமல் சுரண்டி எடுப்பார். சைலன்சர் அடைத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு தீ மூட்டல் உண்டு. கரி எரிந்து உள்ளே சிவந்து, ஆறியபின் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பாதி நோய் இந்தக் கரிதான். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் கூடினால் புகையும் கரியும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாதிப் பேர் கையளவில்தான் ஊற்றினார்கள். அந்தக் கையளவு மாமா குடும்பத்துக்குச் சோறு போட்டது.

பாயிண்ட் கேப் வைக்க ஃபீலர் கேஜ் என்று ஒன்று உண்டு. அவரிடமும் இருந்தது. ஆனால் வீட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தால், அதன் அட்டை சரியான கனமாக இருந்தால், ஓரத்தில் ஒரு துண்டு கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். முகூர்த்த நேரம் கிழிந்து போய் அத்தை திட்டியது உண்டு.

மாற்றிய பழைய சாமானை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்றாலும் கொடுப்பார். 'மாத்தினேன்' என்று சொல்வதற்கு அதைவிட நல்ல ரசீது கிடையாது. இன்றைக்குப் பெரிய பெரிய சர்வீஸ் சென்டர்களில் கம்ப்யூட்டர் பில்லில் பத்து வரி வருகிறது, ஒரு பழைய பிரேக் ஷூவைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை.

எந்த வண்டிக்கு முதலில் கை வைப்பது என்பதிலும் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. துறையூரைச் சுற்றிச் சின்ன வெங்காயம் விளைகிற ஊர்கள். பக்கத்திலேயே பச்சமலை, அங்கிருந்து மரவள்ளி இறங்கும். டிவிஎஸ் 50 1980-ல் வந்தது. ஊருக்குள் அது பரவிய பிறகு வெங்காய மூட்டை, பால் கேன், கோழிக் கூடை, துணி மூட்டை எல்லாம் அதன்மேல் ஏறிக்கொண்டன. இரண்டு பேருக்கென்று ஓசூரில் செய்த வண்டியில் ஒரு குடும்பத்தின் முழு வியாபாரமும் போனது. விடிகாலையில் சரக்கு ஏற்றுகிறவன் வண்டி நின்றால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் மூட்டை தூக்குகிற வண்டி முதலில், ஆபீஸ் போகிற வண்டி அடுத்தது, ஷோக்குக்கு ஓட்டுகிற வண்டி கடைசி. ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த பையன்கள் அவர் கடையில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு அதிகாரி தன் ஸ்கூட்டரை முதலில் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, கடை ரோட்டை ஆக்கிரமித்திருப்பதாக எழுதிவைத்துவிட்டுப் போனார். மாமா சாய்ப்பை ரெண்டடி உள்ளே தள்ளிக்கொண்டார், வரிசையை மாற்றவில்லை.

இந்தப் பெருந்தன்மைக்கெல்லாம் விலை கொடுத்தது யார் என்று கேட்டால் அத்தை. நல்ல மனுஷனுக்கு வாக்கப்படுவது எளிதான காரியமில்லை. வெங்காயக்காரரிடம் "பொறவு குடுங்க" என்று மாமா சொல்லிவிடுவார். அந்தப் பொறவு எப்போது என்று அத்தைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஒரு நீளநோட்டு வைத்திருந்தார். மாமாவுக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது. அதனால் நோட்டில் பெயர்கள் இருக்காது. 'பச்சை லூனா - 35', 'சைடு ஸ்டாண்டு இல்லாத ராஜ்தூத் - 110', 'இரட்டைப் புள்ளைக்காரர் சேட்டக் - பாதி குடுத்தார்' என்றே இருக்கும். ரேஷன் கடை வரிசையில், கோயில் பிராகாரத்தில், மாரியம்மன் திருவிழாவில் என்று எங்கே பார்த்தாலும் அத்தை சிரித்த முகத்தோடு போய் வண்டி நலம் விசாரிப்பார். "வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். மாமா ஒரு தடவை, "கோயில்ல வச்சுக் கேக்காத, பாவம்" என்றார். "கோயில்ல கேட்டாத்தான் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார் அத்தை. கடையின் ஆண் வாரிசு பற்றி ஊர் கவலைப்பட்ட காலத்தில் நான் நினைத்துக்கொள்வேன்: கடையை ஏற்கெனவே ஒரு பெண்தான் நடத்திக்கொண்டிருக்கிறார், ஸ்பேனர் பிடிக்கிற வேலையை மட்டும் மாமாவிடம் விட்டிருக்கிறார்.

அந்தக் கவலையை மாமாவிடமே கேட்டவர்கள் உண்டு. "ஆம்பளப் புள்ளை இல்லையே, பின்னால கடைய யாரு பாக்குறது?"

"கடைய எதுக்குப் பாக்கணும், வண்டியப் பாத்தாப் போதாதா?" என்றார்.

பெரியவள் பி.காம். படித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அத்தையின் நோட்டில் கூட்டல் போட்டுப் பழகிய கை. சின்னவள் நர்ஸ். பத்தாவது முடித்துவிட்டுக் கடைக்கு வந்து சேர்ந்த ஒரு பையன்தான் இன்று கடையை வைத்திருக்கிறான்.

பழைய வண்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரே பாட்டாகப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள்: அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி பிளாஸ்டிக். மாமா இதை ஒத்துக்கொண்டதே இல்லை. அவர் கையில் எல்லாம் வந்துபோயிருக்கின்றன. 1955-ல் இந்தியாவில் தயாராகத் தொடங்கிய புல்லட்டிலிருந்து, மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி, பஜாஜ் சேட்டக், 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா வரைக்கும். புல்லட்டை ஸ்டார்ட் செய்வது என்பது தனி வித்தை. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, அப்புறம்தான் ஓங்கி மிதிக்க வேண்டும். தப்பாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். இதை வித்தை என்று ரசிப்பவர்களிடம், "அது வண்டியோட குறை, உங்க பெருமை இல்லை" என்பார் மாமா. ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சிசி வண்டிகள் வந்து, புகையும் செலவும் குறைந்தபோது, தன் வருமானம் குறையும் என்று தெரிந்தே நல்ல வண்டி என்று ஊரெல்லாம் சொன்னார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது எக்ஸ்எல் 100-க்கே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டர் இல்லாத எக்ஸ்எல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அந்தப் பையனிடம் ஸ்கேனர் வாங்கச் சொன்னவர் மாமாதான். முன்பணமும் அவர் கொடுத்தார். அது அத்தையின் நோட்டில் 'ஸ்கேனர்' என்ற தலைப்பில் இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் காது மந்தமாகிவிட்டது. எத்தனையோ வருஷம் சைலன்சர் பக்கத்தில் தலையை வைத்திருந்தவருக்கு வராமல் யாருக்கு வரும்? டேப்பட் சத்தத்தையும் டைமிங் செயின் சத்தத்தையும் பிரித்துக் கேட்டவருக்கு வீட்டில் கூப்பிட்டால் கேட்காது. அதன்பிறகு வண்டியை ஓடவிட்டு, டேங்க் மேல் ஒரு கையும் எஞ்சின் கவர் மேல் ஒரு கையும் வைத்து அதிர்வைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார். பாதிக்குமேல் சரியாகவே இருக்கும். முதுகு அடுத்துப் போனது. நாற்பது வருஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்த முதுகு. டாக்டரிடம் போவதை மட்டும் ட்ரையலோடு சேர்க்க அவருக்கு வழி தெரியவில்லை, அதனால் போகவே இல்லை. அத்தை சண்டை போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஹெல்மெட்டும் போட மாட்டார். ட்ரையலுக்கு எதற்கு ஹெல்மெட் என்பார். இதிலெல்லாம் அவர் பெருமைப்படுத்தத் தகுந்தவர் இல்லை.

கடைசி சில வருஷங்களில் சின்னவள் அவருக்கு ஒரு எக்ஸ்எல் 100 வாங்கிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் சொந்த வண்டி. அதற்கு ஆயில் மாற்ற அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கடைப் பையன்தான் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு வருவான்.

அத்தை செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும், இந்தப் பத்தியை எழுதியதே அதற்காகத்தான். மெக்கானிக் கடைக்காரருக்கு பி.எஃப். கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, கையில் ஸ்பேனர் பிடிக்க முடிகிறவரைதான் வருமானம். மாமாவுக்கு ஐம்பது தாண்டியதும் அத்தை இதை யோசித்திருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் ஒரு ஆட்டோக்காரரின் மனைவி சொல்லித்தான் தெரிந்ததாம், இந்தத் தொழிலுக்கென்றே தமிழ்நாடு அரசின் நல வாரியம் ஒன்று இருக்கிறது என்று. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனம் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து உள்ள வாரியம் அது. "நமக்கெதுக்கு அரசாங்கக் காசு" என்று மாமா முறுக்கிக்கொண்டார். அத்தை விடவில்லை. போட்டோ எடுக்க வைத்து, சான்றிதழ் வாங்கி, திருச்சித் தொழிலாளர் அலுவலகத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மாமா கையில் பேரல் இல்லை, அதனால் வழியெல்லாம் வேலை கெட்டுவிட்டதாகப் புலம்பிக்கொண்டே வந்தாராம். அறுபது முடிந்த பிறகு மாதாமாதம் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் மகள்களிடம் கை நீட்டாமல் மாத்திரை வாங்க அது போதுமாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை நீளநோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள்கள் தடுத்துப் பார்த்தார்கள். "அவரு உழைச்ச காசு, விட மாட்டேன்" என்றார். ஒரு வாரமாக வசூல் நடக்கிறது. நன்றாகவே வருகிறதாம்.

உங்கள் ஊரிலும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையில் உங்கள் வண்டியைப் பார்க்கிற ஒருவர் இருப்பார். அவருக்குப் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று அப்படியே ஒரு வார்த்தை கேளுங்கள். 18 வயதிலிருந்து 60 வயது வரைதான் பதிய முடியும். அறுபதைத் தாண்டிவிட்டால் வழியில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகை உண்டு, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. ஆதார், ரேஷன் அட்டை, பாங்க் பாஸ்புக், போட்டோ கையில் இருக்கட்டும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள், இப்போது இணையத்திலும் பதியலாம். தனக்கு நேரமில்லை என்பார். அவர் வீட்டில் சொல்லுங்கள்.